வாசலை மறித்து நின்றவர்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மனிதர் தன் கணவர்தான் என்பது உடனே உறைக்கவில்லை. முகமெல்லாம் கரி. தீயணைப்பு உடுப்பு தொப்பலாக நனைந்து, நடந்த இடமெல்லாம் கறுப்புத் தண்ணீர் சொட்டியது. காத்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கால்களை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்கள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூட அவள் வேலை செய்யும் இடத்துக்கு வந்ததில்லை.

நேராக மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "வாலு போயிட்டான்" என்றார்.

"எங்க போனான்?"

"செத்துட்டான். மெத்தைக் கிடங்குல தீ. கூரை இறங்கிடுச்சு." தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "அவன் உள்ள இருக்கும்போது மத்தவங்க யாரையும் உள்ள போக நான் விடல. வேற யார் வாயிலிருந்தும் இது உன் காதுல விழக் கூடாதுன்னு வந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். "அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்று கேட்டாள்.

நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். கேட்டதோடு நிற்காமல், விரல்கள் கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டவும் தொடங்கிவிட்டன. உள் அறையில் யாரோ ஒருவரின் பல்லை ராவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. டாக்டர் வெளியே வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திய பிறகுதான், தன் தம்பியைப் பற்றித்தான் இவர் சொல்கிறார் என்பது அவளுக்கு உள்ளே இறங்கியது. இறங்கினாலும் அழுகை வரவில்லை. கைப்பையைத் தேடினாள். கைப்பை தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஜீப்பில் போகும்போது, "அம்மாகிட்ட யார் சொல்றது?" என்று கேட்டாள்.

"நான் சொல்றேன்."

அது அவளுக்கு இன்னொரு அதிர்ச்சி. அவர் தீயணைப்பு நிலையத்தின் தலைமை அதிகாரி. அங்கே அவர் விசில் ஊதினால் ஊதினதுதான், மறுபேச்சு கிடையாது. வீட்டுக்குள் வந்தால் ஆளே வேறு. எந்தச் சட்டையைப் போடுவது என்பதைக்கூட அவள்தான் எடுத்து வைக்க வேண்டும். மகளைக் கண்டிக்க வேண்டுமா, சொந்த ஊர் வீட்டில் வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்ல வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவள்தான். சொந்த அப்பா இறந்தபோது தங்கைக்கு ஃபோன் செய்து சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டார். அன்றும் அவள்தான் சொன்னாள்.

அம்மா வீட்டில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் பாதி வாலுவின் சட்டைகள். வாலு என்பது அம்மா வைத்த பட்டப்பெயர்தான். ஒரு இடத்தில் நில்லாத பிள்ளை, நடக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே ஓடியவன். பிறகு அதுவே அவன் பெயராகி, மாப்பிள்ளையின் நிலையத்திலேயே அவன் தீயணைப்பு வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டது.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே, மருத்துவமனையில் சொன்ன அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னார். அம்மா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுக்கின் மேல் வைத்தாள். ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"அவன் வரல" என்றாள். "நீங்க எப்படி வந்தீங்க, மாப்பிள்ளை?"

அவர் தலைக்கவசத்தை மறுபடி கை மாற்றிக்கொண்டார்.

"நீங்க எப்படி வந்தீங்கன்னுதானே கேக்குறேன்!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அம்மா கத்திய கத்தலில், யாரோ அவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவர் போகவில்லை. இருட்டும்வரை வாசல் கேட்டுக்கு வெளியே, ஈர உடுப்போடு அப்படியே நின்றார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கால் நகரவில்லை. நகர்த்த விருப்பமும் இல்லை என்பதை உணர்ந்தபோது அவளுக்கே திக்கென்றது.

அடக்கம் முடிந்தது. அவள் மகளோடு அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அந்த வீடியோ அதற்குள் எல்லார் கைக்கும் போய்விட்டிருந்தது. எதிர்ச் சாரியில் இருந்த கடை மாடியிலிருந்து யாரோ எடுத்தது. அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி, நல்ல எண்ணத்தோடுதான், "நீ பாத்தியாம்மா?" என்று ஃபோனை நீட்டினாள். கிடங்கின் பெரிய இரும்புக் கதவு திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில் புகை பொங்கிப் பொங்கி வருகிறது. கதவுக்கு நடுவில் ஒரு மனிதர் கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறார். முதுகு புகையைப் பார்த்து, முகம் தன் ஆட்களைப் பார்த்து. ஆட்கள் அவரைத் தள்ளுகிறார்கள். ஒருவன் நெஞ்சில் குத்துகிறான். அவர் நகரவில்லை. அவ்வளவுதான், கூரை உள்ளே மடிந்து விழுகிறது. தீப்பொறிகள் வாசல் வழியாகப் பீறிட்டு அவரையே மறைத்துவிடுகின்றன.

கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: மச்சான் உள்ளே வெந்துகொண்டிருக்க, வாசலை மறித்து நின்ற வீரர்.

அவள் அதை மறுபடி பார்த்தாள். மறுபடியும். தன் பக்கத்தில் படுத்துத் தூங்கும் மனிதரின் முகம் அது. அந்தக் கைகள் காலையில் அவளுக்குக் காபி டம்ளரை நீட்டும் கைகள். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் நிலையத்துக் குடியிருப்பிலிருந்து பெண்கள் வந்தார்கள். அன்று வண்டியில் போன ஆட்களின் மனைவிகள். வரிசையாக வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். குண்டு என்று எல்லோரும் கூப்பிடும் பெரிய உடம்புக்கார வீரனின் மனைவிதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டுக்காரர்தான் அண்ணி, சாரை நெஞ்சுல குத்தினது. ராத்திரியெல்லாம் சுவத்துல முட்டிக்கிறார். சார் மட்டும் அன்னிக்கு விட்டிருந்தா…" அதற்கு மேல் சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அவள் அந்தப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இவர்கள் வீட்டுக்கெல்லாம் இன்று சாயங்காலம் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவான். இவர்களில் ஒருத்தி என் இடத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று மனசுக்குள் ஒரு குரல், தெளிவாக, வெட்கமே இல்லாமல் சொன்னது. தன் குரல்தான் அது என்று தெரிந்ததும் அவள் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு வண்டி டிரைவர் வந்தார். வேலையில் எல்லோருக்கும் மூத்தவர், இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு பெறப் போகிறவர். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். உள்ளே வராமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும் தங்கச்சி. சார் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். இருந்தாலும் ஊரு பேசுற பேச்சு காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துன மாதிரி இருக்கு. அதான் வந்தேன்."

"சொல்லுங்கண்ணே."

"வாலு உள்ள மாட்டிக்கல. வெளிய வந்துட்டான்."

அவளுக்குப் புரியவில்லை. "என்னண்ணே சொல்றீங்க?"

"மெத்தைப் பஞ்செல்லாம் எரியும்போது புகை ஒரு மாதிரி மூச்சு விடும். உள்ள இழுத்து வெளிய தள்ளும். எந்த நிமிஷமும் வெடிக்கும்னு அர்த்தம். அது தெரிஞ்சா அந்த இடத்துல ஒருத்தன் இருக்கக் கூடாது. சார் பாத்துட்டார், விசில் ஊதிட்டார். எல்லாரும் வெளிய வந்தோம், வாலுவும்தான். தலையை எண்ணினார், சரியா இருந்துச்சு. அப்பத்தான் கூட்டத்துல எவனோ 'வாட்ச்மேன் உள்ள இருக்கார்'னு கத்தினான். 'யாரும் அசையாதீங்க, நான் விசாரிக்கிறேன்'னு சார் திரும்பினார். அந்தத் திரும்பின நேரம்தான். வாலு மாஸ்க்கை மாட்டிக்கிட்டு உள்ள ஓடிட்டான்."

"வாட்ச்மேன்?"

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பின் தெருவுல நின்னுக்கிட்டு இருந்தார், தங்கச்சி. சாப்பாட்டுத் தூக்கைக் கையில வெச்சுக்கிட்டு. நல்லா இருக்கார்."

அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். யாருமே இல்லாத கிடங்கு. யாரையும் காப்பாற்றாத சாவு. "இதை ஏன் அவர் என்கிட்ட சொல்லல?"

"நானும் கேட்டேன். 'செத்தவன் வந்து பதில் பேச மாட்டான். வீட்டுல சொன்னா அது சாக்கு. விசாரணையில சொல்றேன், அது சாட்சி'ன்னார்."

டிரைவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். வெளியே வந்துவிட்டு, உத்தரவை மீறித் திரும்பி உள்ளே ஓடியிருக்கிறான். முதல் தடவை அல்ல.

சில மாதங்களுக்கு முன் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் தீ. அப்போதும் அவர் விசில் ஊதினார். அப்போதும் வாலு காதில் வாங்காமல் உள்ளே ஓடினான். அன்றைக்கு ஒரு கிழவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பத்திரிகையில் படம் வந்தது. கடைத்தெருவில் அவனிடம் யாரும் காசு வாங்கவில்லை. ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. அவர் மட்டும் அவனை வண்டியிலிருந்து இறக்கி, ஆறு மாதம் டெலிஃபோன் அறையில் உட்கார் என்றார்.

அம்மா அவளுக்கு ஃபோன் செய்தாள். "பிள்ளை சோறு தண்ணி இறங்காம கிடக்கான். உன் வீட்டுக்காரர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் ஒரு வார்த்தையா சொன்னாள்? "ஒரு உசுரைக் காப்பாத்தினவனுக்குத் தண்டனையா? வேற எவனா இருந்தா மெடல் குடுத்திருப்பீங்க. என் தம்பிங்கிறதாலதானே உங்க நேர்மையைக் காட்டுறீங்க!" என்று வெடித்தாள். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "தப்புப் பண்ணித் தப்பிச்சிருக்கான். அதுக்குப் பேரு தைரியம்னு அவன் நினைச்சுக்கிட்டா ரொம்ப ஆபத்து." அவள் கேட்கவில்லை. பேச்சை நிறுத்தினாள். சட்டை எடுத்து வைப்பதை நிறுத்தினாள். ஒரே வீட்டில் வேற்றாள் மாதிரி அவர் நடமாடினார். கடைசியில் ஒரு நாள் சாப்பிட்ட தட்டைப் பார்த்தபடியே, "சரி. திங்கக்கிழமையிலருந்து அவனை வண்டியில ஏறச் சொல்லு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

விசாரணை நிலையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மேலதிகாரி, இரண்டு பக்கமும் இரண்டு பேர். குடும்பத்தார் உட்காரப் பின் வரிசையில் நாற்காலிகள். அவளும் அம்மாவும் அங்கே உட்கார்ந்தார்கள். அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள். "அந்த ஆள் என்ன சொல்றார்னு என் காதால கேக்கணும்" என்று அம்மாவே முதலில் கிளம்பி நின்றாள்.

ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். குண்டு அழுதுகொண்டே சொன்னான். டிரைவர் சொன்னதுதான் எல்லோர் வாயிலிருந்தும் வந்தது. வாலு வெளியே வந்துவிட்டுத் திரும்பி ஓடினான் என்பதை அம்மா அப்போதுதான் கேட்டாள்.

மேலதிகாரிக்கு நிம்மதி. பேனாவை மூடினார். "அப்ப விஷயம் தெளிவா இருக்கு. உத்தரவு சரியான நேரத்துல குடுத்திருக்கீங்க. மீறினவர் மீறியிருக்கார். மத்தவங்களை நீங்க தடுக்கலேன்னா இன்னிக்கு இங்க இத்தனை பேர் உட்கார்ந்திருக்க மாட்டாங்க. வேற ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?"

"இருக்கு சார்" என்றார் அவர்.

கூடம் நிமிர்ந்தது.

"இதுக்கு முன்னாடியும் இதே மாதிரி உத்தரவை மீறினான். அப்ப அவனை நான் வண்டியிலிருந்து இறக்கினேன். ஆறு மாசம்னு சொன்னேன். ஆறு வாரத்துல திரும்ப ஏத்திட்டேன். அவன் மாறிட்டான்னு நினைச்சு ஏத்தல. என் வீட்டுக்காரியோட தம்பிங்கிறதால ஏத்தினேன். வேற ஆளா இருந்திருந்தா ஏத்தியிருக்க மாட்டேன். அன்னிக்கு அவன் டெலிஃபோன் பக்கத்துல உட்கார்ந்திருக்க வேண்டிய ஆளு. கிடங்குக்கு அவனைக் கூட்டிட்டுப் போனது என் தப்பு."

மேலதிகாரி மூடிய பேனாவையே பார்த்தார். தழைந்த குரலில், "இது இங்க தேவைதானா? யோசிச்சுப் பேசுங்க" என்றார்.

"யோசிச்சுட்டுத்தான் சார் சொல்றேன். நாளைக்கு இன்னொரு நிலையத்துல இன்னொருத்தன் தன் மச்சானுக்கு இதையே செய்வான்."

"யாராவது சிபாரிசு பண்ணாங்களா?"

பின் வரிசையில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நான்தான் என்று சொல்ல வாய் திறந்தது. காற்றுதான் வந்தது. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அந்தப் பிடியின் இறுக்கத்தில் வளையல் சதையில் பதிந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "முடிவு எடுத்தது நான் மட்டும்தான் சார்" என்றார்.

அன்று அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நிலையத்துக்குப் பின்னால் இருந்த தங்கள் வீட்டுக்குப் போனாள். கழுவாத டம்ளர்கள் தொட்டி நிறையக் கிடந்தன. அவர் வந்து ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் எந்திரிச்சேன்" என்றாள்.

"தெரியும். நாற்காலி சத்தம் கேட்டுச்சு."

"என்னால சொல்ல முடியல."

"நீ சொல்ல வேண்டியதில்ல. தம்பிக்காகக் கேக்குறது அக்காவோட உரிமை. முடியாதுன்னு சொல்றது என் வேலை. நான் என் வேலையைச் செய்யல. அதுல உனக்கு என்ன இருக்கு?"

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "எனக்கு ஒண்ணுமே இல்லையா? அவனைத் தூக்கி வளத்தவ நான். உங்க வாயை அடைச்சவ நான். எனக்குப் பங்கே இல்லேன்னு என்னை ஓரமா உட்கார வெச்சா எப்படி? அந்த மேசைக்கு முன்னால நீங்க ஆபீசர், எல்லாத்தையும் தலையில போட்டுக்கிட்டீங்க. சரி. இங்க நாம ரெண்டு பேர்தான். என் பங்கை என்கிட்ட குடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பேந்தப் பேந்த விழித்தார். இப்படி ஒன்றை அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவர், குனிந்தபடியே இருந்துவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கு" என்றார். "விசாரணையிலயும் சொல்லல. அவங்க கேக்கல."

அவள் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"நிலையத்துல எல்லாரும் என்னை சார்னுதான் கூப்பிடணும். அவனுக்கும் அதுதான் விதி. ஒரு தடவை வாய் தவறிக் கூப்பிட்டதுக்கு மைதானத்தைச் சுத்தி ஓட விட்டேன், தெரியுமா? அதுக்கப்புறம் ஒரு நாளும் தவறினது இல்ல." மூச்சை இழுத்தார். "உள்ளயிருந்து கூப்பிட்டான். வாசலுக்குக் கொஞ்ச தூரம்தான். வழி தெரியல அவனுக்கு. சார்னு கூப்பிடல. மாமான்னு கூப்பிட்டான்."

அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது.

"அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் குண்டும் மத்தவங்களும் பாஞ்சாங்க. வார்த்தை அவங்களுக்குப் புரியல. குரல்தான் கேட்டுச்சு. எனக்குப் புரிஞ்சுது. நான் திரும்பினா என் காலு என் பேச்சைக் கேக்காதுன்னு தெரியும். அதான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். 'இந்தப் பக்கம் வா'ன்னு கத்திக்கிட்டே இருந்தேன். ஒரு அடிகூட உள்ள எடுத்து வைக்கல."

கரகரத்த குரலில் அவர் அழுததை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். தேற்றத் தெரியவில்லை. தேற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர் முழங்காலில் தலையைச் சாய்த்து, அவளும் அன்றைக்குத்தான் அழுதாள். பல் மருத்துவமனையில் வராத அழுகை, அடக்கத்தில் வராத அழுகை. வெளியே விளையாடிவிட்டு வந்த மகள் கதவருகே திகைத்து நின்று, பிறகு மெதுவாக வந்து இருவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டாள்.

"அம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க" என்றாள் வெகுநேரம் கழித்து. அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தன் பங்கை அம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். "நான்தாம்மா அந்தத் தண்டனையை மாத்தச் சொன்னேன். அவர் தயங்கினார், நான் விடல." அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "உன்னைக் கேக்கச் சொன்னது யாரு?" என்றாள். அன்று அம்மா செய்த ஃபோன் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதன் பிறகு பல வாரங்கள் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

விசாரணை முடிவு வந்தது. பின்வாங்கச் சொன்னதும் தடுத்ததும் சரி. ஆனால் தண்டனையைத் தளர்த்தியது தவறு. கண்டனமும் இடமாற்றமும். வீடியோவுக்குக் கீழே கேலி எழுதியவர்களில் சிலர் இப்போது அவரை வானளாவப் புகழ்ந்து எழுதினார்கள். அவர் இரண்டையும் படிக்கவில்லை. புதிய நிலையம், புதிய ஆட்கள். கிளம்பும் அன்று குண்டு வந்து சாமான்களை லாரியில் ஏற்றினான். கடைசியாக அலமாரியை ஏற்றிவிட்டு, அவருக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். பிறகு குழந்தை மாதிரி அவரைக் கட்டிக்கொண்டான். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அவன் முதுகைத் தட்டினார்.

புது ஊரில் வீட்டிலும் ஏதோ மாறியது. மகளிடம் முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவரே சொல்லத் தொடங்கினார். தட்டுத் தடுமாறித்தான் சொன்னார். மகள் காலை உதைத்து அழுதாள். அவர் கதவருகே நின்று, அவள் அழுது முடியும்வரை நகராமல் இருந்தார். சட்டையையும் தானே எடுத்துக்கொண்டார். பொருத்தமே இல்லாமல்தான் போட்டுக்கொண்டு போனார், அவள் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. அந்த வாசல் கேட்டுக்கு வெளியே அவரை நிறுத்திய நாளுக்குப் பிறகு, அவர் முகத்தை அம்மா நேருக்கு நேர் பார்ப்பது இப்போதுதான். அவர் சாப்பாட்டு மேசையிலிருந்து பதறி எழுந்தார்.

"உட்காருங்க" என்றாள் அம்மா. தானும் எதிரில் உட்கார்ந்தாள். தட்டு வைத்தார்கள். அம்மா சோற்றைத் தொடவில்லை.

"அந்த வாசல் எவ்வளவு அகலம்?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"நீங்க நின்ன வாசல்."

அவர் எச்சில் கையோடு எழுந்து, இரண்டு கைகளையும் மெதுவாக விரித்துக் காட்டினார். மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அம்மா அந்தக் கையிலிருந்து இந்தக் கைவரை கண்ணால் அளந்தாள்.

"போதுமா இருந்துச்சா?"

"பத்தல அத்தை. குண்டு ஓரமா புகுந்தான். காலால தடுத்தேன்."

"அவன் உள்ளயிருந்து ஏதாவது சொன்னானா?"

அவள் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். கைகள் தாமாகக் கீழே இறங்கின.

"மாமான்னு கூப்பிட்டான், அத்தை."

அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் எழுந்து போகத் துணியவில்லை. அவள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். குழாய் நின்றது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் சொல்லலேன்னு நீங்க சொல்லியிருந்தா இப்பவே பையைத் தூக்கிட்டுக் கிளம்பியிருப்பேன்" என்றாள். "என் பிள்ளை வாயை மூடிக்கிட்டுச் சாகிற ஆளா?"

சாதக் கரண்டியை எடுத்தாள். பாதிச் சோறு மேசையில் சிந்தியது. மீதியை அவர் தட்டில் போட்டாள்.

"சாப்பிடுங்க. ஆறிப்போச்சு."